கண்ணால் கண்டதும் தீர விசாரித்ததும்: பருவநிலை மாற்றமும் ஆவணப்படங்களும்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆவணப்படம் என்னும் கலைக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறு இருக்க முடியாது. கண்ணுக்குக் காட்சியையும் காதுக்குக் குரலையும் தந்து, காண்பது மெய் என்று பார்ப்பவரை நம்பச் செய்வதே அக்கலையின் தொழில். அந்த நம்பிக்கையை அது எவ்வாறு ஈட்டியது, எங்கே இழந்தது, எங்கே மீட்டது என்பதைப் பருவநிலை மாற்றம் பற்றிய படங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பருவநிலை மாற்றம் திரையில் காட்டுவதற்கு அரிய பொருள். கரியமில வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. 1970களுக்குப் பின் உலகின் சராசரி வெப்பம் பத்தாண்டுக்கு ஒரு செல்சியஸ் பாகையின் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஏறி வந்துள்ளது. கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. திண்ணையில் அமர்ந்தபடி இவற்றைக் கண்டுவிட எவராலும் முடியாது. வெள்ளத்தையும் புயலையும் படம் பிடிக்கலாம். சராசரியைப் படம் பிடிப்பது எப்படி? கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் புலப்படுத்தும் இம்முயற்சி 1958ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் அதன் வேர் அதற்கும் முந்தியது. பனிசூழ்ந்த வடபுலத்தில் ஊன்றியது.

பனிக்கரடி என்னும் பெயர்

1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' என்னும் மௌனப்படம் முழுநீள ஆவணப்படங்களுக்கு முன்னோடியாகப் போற்றப்படுகிறது. இதனை எடுத்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, கனிமம் தேடிக் கனடாவின் வடபகுதிக்குச் சென்றவர். அவர் முதலில் எடுத்த படச்சுருள்கள் 1916இல் ஒரு சிகரெட்டின் தீப்பட்டு அழிந்தன. பின்னர் ரெவியோன் ஃபிரேர் என்னும் பிரெஞ்சு மென்மயிர் வணிக நிறுவனத்தின் பொருளுதவியுடன் ஹட்சன் விரிகுடாக் கரைக்கு மீண்டும் சென்று படத்தை எடுத்து முடித்தார். இனுயிட் மொழியில் 'நானூக்' என்பது பனிக்கரடியைக் குறிக்கும். படத்தின் நாயகனுக்கு அது இட்ட பெயரே. அம்மனிதரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக்.

பெயரைப் போலவே காட்சிகள் சிலவும் புனைந்தவை. பனிவீட்டுக்குள் கேமராவுக்குப் போதிய ஒளி இல்லாமையால், கூரையின் ஒரு பகுதி இல்லாத பெரிய பனிவீடு ஒன்று கட்டப்பட்டது. துப்பாக்கிக்குப் பழகிவிட்ட வேடர்கள், படத்துக்காக எறியீட்டி ஏந்தினர். அதே வேளையில் ஃபிளாஹர்ட்டி, எடுத்த சுருள்களை அங்கேயே கழுவி, படத்தில் நடித்தவர்களுக்கே திரையிட்டுக் காட்டினார் என்பதையும் சொல்லவேண்டும். பிறந்தபோதே இக்கலையில் மெய்யும் புனைவும் கலந்திருந்தன. பின்னாளில் ஜான் கிரியர்சன் ஆவணப்படத்துக்கு இலக்கணம் வகுத்தபோது, நடப்பு உண்மையைப் படைப்புத்திறனோடு கையாள்வது என்றே கூறினார். படைப்புத்திறன் உண்மைக்குத் துணையாவது எந்த இடத்தில், அதை விழுங்குவது எந்த இடத்தில் என்ற கேள்விக்கு அவ்விலக்கணம் விடை தரவில்லை.

இலக்கியப் பேராசிரியரின் எச்சரிக்கை

1958 பிப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி அன்செயின்ட் காடஸ்' என்னும் அறிவியல் படம் ஒளிபரப்பாயிற்று. பெல் தொலைபேசி நிறுவனத்தார் பொருளுதவி செய்த தொடரில் அது நான்காவது படம். தயாரித்தவர் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் ஃபிராங்க் காப்ரா. மக்களுக்கு அறிவியலை விளக்கும் ஆசிரியராக அதில் தோன்றிய ஃபிராங்க் பாக்ஸ்டர் அறிவியலாளர் அல்லர். ஷேக்ஸ்பியரைத் தொலைக்காட்சியில் நடத்திப் பெயர் பெற்ற ஆங்கில இலக்கியப் பேராசிரியர்.

வானிலையைப் பற்றிய அப்படத்தில், மனிதன் வானிலையைக் கட்டுப்படுத்த முயல்வது தகுமா என்ற உரையாடல் இடையே வருகிறது. அங்கேதான் பாக்ஸ்டர், மனிதன் தன்னை அறியாமலே உலகின் தட்பவெப்பத்தை மாற்றிக்கொண்டிருக்கக் கூடும் என்கிறார். தொழிற்சாலைகளும் மோட்டார் வண்டிகளும் ஆண்டுதோறும் 600 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவைக் காற்றில் விடுகின்றன என்றும், அவ்வாயு கதிரவனின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதாகத் தோன்றுகிறது என்றும், சில பாகை வெப்பம் கூடினாலே துருவப் பனி உருகிவிடும் என்றும் விளக்குகிறார். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் உள்நாட்டுக் கடல் ஒன்று பரவுவதும், 150 அடி ஆழத்தில் மூழ்கிய மயாமி நகரின் மாடங்களைச் சுற்றுலாப் பயணிகள் கண்ணாடி அடித்தளப் படகுகளில் அமர்ந்து காண்பதும் அங்கே விவரிக்கப்படுகின்றன.

ஒரு மணி நேரப் படத்தில் இப்பகுதி சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆயினும் அதன் காலம் கருதத்தக்கது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியது 1958 மார்ச் மாத இறுதியில். உலகறிந்த அந்த அளவீட்டின் முதற்புள்ளி விழுவதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே, வீட்டுக்கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு இச்செய்தி எட்டிவிட்டது. பின்னர் 16 மில்லிமீட்டர் படிகளாகப் பள்ளிகளுக்குச் சென்ற அப்படத்தைப் பல தலைமுறை மாணவர் கண்டனர். கீலிங் அளந்தபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இல் அதே மலையில் ஆண்டுச் சராசரி 424 பங்கைத் தாண்டியது. 'அன்று எவருக்கும் தெரியாது' என்னும் சமாதானம் இவ்வரலாற்றின் முன் நிற்காது.

படத்தில் ஒரு குறையும் இருந்தது. துருவப் பனி முழுவதும் உருகினால் கடல் 150 அடிக்கு மேலும் உயரக்கூடும் என்பது மெய்யே. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதும் மெய். படம் முதல் உண்மையைக் காட்டிற்று, இரண்டாவதைச் சொல்லவில்லை. மூழ்கிய நகரம் கண்ணில் பதிந்தது. காலக்கணக்கு கண்ணில் படவில்லை. இக்குறை அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தொடர்ந்தது.

எண்ணெய் நிறுவனம் எடுத்த படம்

ஷெல் எண்ணெய் நிறுவனம் கிரியர்சனின் ஆலோசனையைக் கேட்டு, 1934இல் எட்கர் ஆன்ஸ்டியின் பொறுப்பில் ஒரு திரைப்படப் பிரிவைத் தொடங்கியது. பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தின் வரலாற்றில் அப்பிரிவுக்கு மதிப்பான இடம் உண்டு. அந்நிறுவனம் 1991இல் 'கிளைமேட் ஆஃப் கன்சர்ன்' என்னும் 28 நிமிடப் படத்தைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் காட்டுவதற்கென வெளியிட்டது.

அதற்கு முந்திய ஆண்டில்தான் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு தன் முதல் அறிக்கையை அளித்திருந்தது. அவ்வறிக்கையின் பின்னால் அறிவியலாளரிடையே பரந்த உடன்பாடு இருப்பதைப் படம் வெளிப்படையாக எடுத்துரைத்தது. பனியூழி முடிந்தபின் கண்டிராத வேகத்தில் வெப்பம் ஏறக்கூடும். தாழ்ந்த கரையோர நாடுகள் வெள்ளத்துக்கு ஆளாகலாம். வாழிடமிழந்தோர் அகதிகளாகப் பெயரலாம் என்றெல்லாம் அது எச்சரித்தது. முழு உறுதி வரும்வரை காத்திருத்தல் கூடாது என்பதே அதன் தொனி. மிகைக் காட்சி இல்லை, கூச்சல் இல்லை. அக்காலத்து அறிவியல் நிலையை நேர்மையாகச் சொன்ன படங்களுள் அதுவும் ஒன்று எனலாம்.

ஆனால் படம் சொன்னதற்கும் படம் எடுத்தவர் செய்ததற்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. கட்டாயமாகப் புகையைக் குறைக்கும் சட்டங்களை எதிர்த்து வாதாடுவதற்கென அமெரிக்காவில் 1989இல் 'குளோபல் கிளைமேட் கோயலிஷன்' என்னும் தொழிற்கூட்டமைப்பு உருவாயிற்று. 1998இல் விலகும் வரை ஷெல் அதில் உறுப்பாக இருந்தது. வகுப்பறைக்கு ஒரு செய்தியும் மன்றத்துக்கு வேறொரு செய்தியும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டன. படமும் காலப்போக்கில் மறக்கப்பட்டது. 2017இல் நெதர்லாந்து இதழ் ஒன்று அதனைத் தேடியெடுத்து மீண்டும் உலகுக்குக் காட்டியது. தன் நிலைப்பாடு பல்லாண்டுகளாக யாவரும் அறிந்ததே என்பது நிறுவனத்தின் மறுமொழி. மறுமொழி எவ்வாறாயினும், அறிதலும் செயலும் தாமாக ஒன்றோடொன்று பிணைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அறிந்தவரே எடுத்த படம் அறிந்தவரையே அசைக்கவில்லை.

திரையரங்கிலிருந்து நீதிமன்றத்துக்கு

2006இல் வெளிவந்த 'அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' இப்பொருளை உலகெங்கும் பேசுபொருளாக்கியது. டேவிஸ் குகன்ஹைம் இயக்கிய இப்படம், முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் ஆல் கோர் ஊரூராகச் சென்று நிகழ்த்திய உரையைப் பதிவு செய்தது. மாணவப் பருவத்தில் ஹார்வர்டில் ரோஜர் ரெவெல் என்னும் பேராசிரியரிடம் கீலிங்கின் அளவீடுகளை முதன்முதல் கண்டதை அவர் அதில் நினைவுகூர்கிறார். கரியமில வாயுவின் வருங்கால உயர்வைக் காட்டும் கோடு திரையின் உச்சிக்கும் மேலே செல்லும்போது, இயந்திர ஏணித் தட்டில் ஏறி நின்று அதனைச் சுட்டிக்காட்டுகிறார். புள்ளிவிவரம் ஒன்று நாடகமாக மாறிய தருணம் அது. 2007இல் படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அதே ஆண்டின் அமைதிக்கான நோபெல் பரிசை ஆல் கோரும், இந்தியரான ராஜேந்திர பச்சௌரியின் தலைமையில் இயங்கிய பன்னாட்டுக் குழுவும் பகிர்ந்துகொண்டனர்.

இங்கிலாந்து அரசு இப்படத்தை உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்ப முற்பட்டபோது, கென்ட் மாவட்டப் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழு உறுப்பினர் வழக்குத் தொடுத்தார். 2007 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பருவநிலை பற்றிய படத்தின் அடிப்படைக் கருத்துகள் பொதுவாகச் சரியானவையே என்று நீதிபதி பர்ட்டன் ஏற்றார். ஆனால் ஒன்பது இடங்களில் அறிவியலார் பொதுக்கருத்திலிருந்து படம் விலகுகிறது என்று சுட்டி, ஆசிரியர்களுக்கான வழிகாட்டிக் குறிப்புடன் காட்டலாம் என அனுமதித்தார்.

அவ்வொன்பதில் இரண்டு இங்கே கருதத்தக்கவை. ஒன்று, கடல் 20 அடி உயரும் என்ற காட்சி. அத்தகைய உயர்வு நேரலாம். ஆனால் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்றார் நீதிபதி. 1958ஆம் ஆண்டின் மயாமி மாடங்களில் இருந்த அதே குறை, கணினி வரைகலையின் துணையோடு மீண்டும் வந்து நின்றது. மற்றொன்று, பனித்திட்டைத் தேடி நீந்திக் களைத்து மூழ்கும் பனிக்கரடி. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆய்வில் இறந்ததாகக் கண்டறியப்பட்டவை நான்கு கரடிகள். அவையும் புயலில் சிக்கியவை.

இவ்வழுக்களால் படத்தின் மையக்கருத்து வீழ்ந்துவிடவில்லை. ஆனால் மறுப்பாளருக்கு அவை பிடிகயிறாயின. அதே 2007 மார்ச்சில் பிரிட்டனின் சேனல் 4, புவி வெப்பமாதலே ஏமாற்று என்று வாதிடும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதன்மேல் எழுந்த முறையீடுகளை விசாரித்த ஒலிபரப்பு ஒழுங்காணையமான ஆஃப்காம், பன்னாட்டுக் குழுவுக்கும் இரண்டு அறிவியலாளர்களுக்கும் படம் நியாயம் செய்யவில்லை என்று 2008இல் முடிவுரைத்தது. படத்தின் இறுதிப் பகுதி நடுநிலை விதியை மீறியது என்றும் கண்டது. இரு படங்களின் பிழைகளும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. ஒன்று மெய்யான செய்தியை மிகைப்படுத்திற்று. மற்றது அச்செய்தியையே மறுத்தது. ஆயினும் காட்சி வடிவில் இரண்டும் ஆவணப்படங்களே. வேறுபாடு தெரிந்தது தீர விசாரித்த இடத்தில்தான்.

ஆல் கோரின் படம் மக்களிடம் விளைத்த பயனையும் ஆய்வாளர் அளந்தனர். அமெரிக்காவில் படம் ஓடிய திரையரங்குகளுக்குப் பத்து மைல் சுற்றளவில் வாழ்ந்தோர், தம் புகைக்கு ஈடாகத் தாமே முன்வந்து பணம் செலுத்தும் வழக்கம் அடுத்த இரு மாதங்களில் 50 சதவீதம் கூடியதாகக் கிராண்ட் ஜேகப்சன் 2011இல் எழுதினார். அவ்வேகம் நீடிக்கவில்லை என்பதையும் அவர் கண்டார். படம் பார்த்தவர்களின் அறிவும் கவலையும் உடனே கூடினாலும், ஒரு மாதம் கழித்து அவை செயலாக முதிரவில்லை என்பதை ஜெசிகா நோலன் 2010இல் காட்டினார். திரையரங்கின் இருள் தந்த உறுதி, வெளிச்சத்துக்கு வந்து சில வாரங்களில் தேய்ந்துவிடுகிறது. ஒரு படத்தால் ஒருவரை ஒருமுறை எழுப்ப முடியும்; எழுந்தவரை நடக்கவைக்கச் சட்டமும் பேருந்தும் மின்சாரமும் விலையும் துணைநிற்க வேண்டும்.

காத்திருந்த கேமரா

இத்தகைய வாதங்கள் நடந்துகொண்டிருந்த 2007இல், ஜேம்ஸ் பேலாக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் வேறொரு வழியை மேற்கொண்டார். ஒரு காலத்தில் பருவநிலை மாற்றத்தை ஐயுற்றவர் அவர். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா, மோன்டானா ஆகிய இடங்களில் பனியாறுகளுக்கு எதிரே பாறைகளில் கேமராக்களைப் பொருத்தி, பகல் வேளைகளில் குறித்த இடைவெளிகளில் அவை தாமாகவே படமெடுக்குமாறு அமைத்தார். சூரிய ஒளியால் இயங்கிய அக்கருவிகள் முதலில் பலமுறை பழுதாயின. நேரம் குறிக்கும் பொறிகள் தவறின. புயலும் பனியும் அவற்றைச் சிதைத்தன. பேலாக்கின் முழங்கால் பலமுறை அறுவைக்கு உள்ளாயிற்று.

அப்பணியைப் பின்தொடர்ந்து ஜெஃப் ஓர்லோவ்ஸ்கி இயக்கிய 'சேஸிங் ஐஸ்' 2012இல் வெளிவந்தது. பல ஆண்டுகளின் படங்கள் சில நொடிகளில் ஓடும்போது, மலைபோல் நின்ற பனியாறு பின்வாங்கி ஓடுவதைக் கண் காண்கிறது. அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு, படச்சட்டத்தை விட்டே விலகிப்போனதால் கேமராவைத் திருப்பிவைக்க வேண்டியதாயிற்று. 2008 மே 28ஆம் நாள் கிரீன்லாந்தின் இலுலிசாட்டில், பல நாள் காத்திருந்த இரு இளைஞர்களின் கண்முன்னே 75 நிமிடங்கள் பனிமுகப்பு உடைந்து சரிந்தது. கடலில் வீழ்ந்த பனியின் அளவு 7.4 கன கிலோமீட்டர்.

இங்கே வருங்காலத்தைப் பற்றிய ஊகம் இல்லை. மூழ்கிய நகரம் இல்லை. கணினி வரைந்த கரடி இல்லை. நடந்ததே காட்சியாயிற்று. சராசரியைப் படம் பிடிப்பது எப்படி என்ற கேள்விக்குப் பொறுமையே விடையாக அமைந்தது. 1958இலும் 2006இலும் காணாமற்போன காலக்கணக்கு இப்படத்தில்தான் காட்சிக்குள்ளேயே இடம்பெற்றது.

முதியோர் சொன்ன வானம்

ஆயினும் பேலாக்கின் கேமராக்கள் நின்ற நிலங்கள் ஆளற்றவையாகவே திரையில் தோன்றின. பனிநிலத்திலேயே பிறந்து வாழ்வோர் என்ன சொல்கின்றனர்? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர், கனடாவின் இக்லூலிக் ஊரைச் சேர்ந்த இனுயிட் இயக்குநர் சகாரியாஸ் குனுக். தம் தாய்மொழியில் எடுத்த 'அதனார்ஜுவாட்' என்னும் கதைப்படத்துக்காக 2001இல் கான் திரைப்பட விழாவில் விருது பெற்றவர் அவர். ஆய்வாளர் இயன் மௌரோவுடன் இணைந்து 2010இல் அவர் எடுத்த ஆவணப்படம், பருவநிலை மாற்றத்தை இனுயிட் மக்களின் மொழியிலேயே பேசிய முதற்படம் என அறியப்படுகிறது.

அதில் வேடர்களும் முதியோரும் தாம் கண்டதைச் சொல்கின்றனர். காற்றின் திசை மாறியது, கடற்பனி மெலிந்தது, பனியாறுகள் குறுகின. வீசும் காற்று செதுக்கிய பனித்திட்டுகளின் சாய்வைப் பார்த்தே இருளிலும் வழி கண்ட மக்கள் அவர்கள். காற்று மாறினால் வழிகாட்டியே மாறிவிடும். கதிரவன் முன்பு மறைந்த இடத்தில் இன்று மறைவதில்லை, விண்மீன்களும் இடம்பெயர்ந்தன, பூமியே சாய்ந்துவிட்டது போலும் என்றும் முதியோர் பலர், வெவ்வேறு ஊர்களில், ஒன்றுபோலவே கூறினர். பூமி சாய்ந்தது என்பதை அறிவியலார் ஏற்கவில்லை. ஆனால் காற்றடுக்குகளின் வெப்பம் மாறும்போது ஒளி வளையும் அளவும் மாறும். அதனால் அடிவானத்துக் கதிரவன் இடம் மாறித் தோன்றக்கூடும் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. விளக்கம் வேறாயினும், கண்டவர் கண்டது வீண் அன்று. முதியோரின் கண்ணும் அறிவியலாரின் விசாரணையும் ஒன்றையொன்று தேடிச் சென்ற இடம் அது.

பனிக்கரடியைப் பற்றியும் அவர்கள் பேசுகின்றனர். உலகம் திரையில் கண்டு இரங்கிய கரடியைப் பற்றி, அதனோடு ஒரே நிலத்தில் வாழ்வோரின் கருத்து வேறாக இருந்தது. கரடிகள் அருகிவிட்டன என்பதை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. ஹெலிகாப்டரில் துரத்தி மயக்கமூட்டிக் கழுத்துப்பட்டை மாட்டும் ஆய்வு முறைகளே அவற்றுக்குத் தீங்கு என்று குறை கூறினர். இக்கூற்று முழுவதும் சரியா என்பது விலங்கியலார் விவாதிக்க வேண்டியது. கேட்கப்படாதிருந்த குரல் கேட்கப்பட்டது என்பதே திரைப்பட வரலாற்றுக்கு முக்கியம். 1922இல் பனிக்கரடியின் பெயரை இட்டு, ஒலியில்லாத படத்தில் நிற்கவைக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், 88 ஆண்டுகள் கழித்துத் தம் கேமராவால், தம் மொழியில், தம் கரடியைப் பற்றித் தாமே பேசினர்.

வரலாறு கூறும் பாடம்

1958இல் 600 கோடி டன் என்று சொல்லப்பட்ட கரியமில வாயு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து மட்டும் 2023இல் ஏறத்தாழ 3,700 கோடி டன்னாகியது. படங்கள் தோற்றன என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது, அது நேர்மையாகாது. செயலற்றிருந்த மன்றங்களின் பழியைத் திரையின்மேல் ஏற்றலாகாது. அறிவைப் பரப்பும் தன் கடமையைத் திரை தொடக்கத்திலேயே செய்தது.

ஆனால் எடுக்கப்போகும் படங்களுக்கு இவ்வரலாற்றில் பாடம் உண்டு. அச்சமூட்டும் பெரிய எண்ணைக் காட்டிலும் உறுதியான சிறிய எண் வலியது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் மட்டம் ஏறத்தாழ 28 முதல் 101 சென்டிமீட்டர் வரை உயரக்கூடும் என்று பன்னாட்டுக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. 150 அடியோடு ஒப்பிட்டால் இது முழங்காலளவு, இடுப்பளவு நீர். எனினும் தாழ்ந்த கரைகளில் வாழ்வோரின் கிணற்றையும் வயலையும் உப்பாக்க அதுவே போதும். இன்று பள்ளியில் பயிலும் பிள்ளை தன் முதுமையில் காணப்போவதும் அதுவே. அந்த முழங்காலளவு நீரை உள்ளது உள்ளவாறு, பொறுமையோடு, அக்கரையில் வாழ்வோரின் மொழியிலேயே காட்டும் படம், கண்ணால் கண்டபின் தீர விசாரித்தாலும் மெய்யாகவே நிற்கும்.